அருகிலுள்ள அடையாளம்

கடன் கேட்டவர் சொன்ன இடத்தில்
மெய்யாகவே குடியிருக்கிறாரா என்று
பார்த்துவிட்டு வருவது என் வேலை.
ஒரு முகவரிக்கு அறுபத்தைந்து ரூபாய்.
பெட்ரோலும் வெயிலும் என் கணக்கு.

இந்த ஊரில் பாதி வாசல்களுக்கு இரண்டு எண்.
புதியதைக் கொடுத்த மாநகராட்சி
பழையதைத் திரும்ப வாங்க மறந்துவிட்டது.
பழைய முப்பத்தொன்றும் புதிய முப்பத்தொன்றும்
எதிரெதிரே நின்று
ஒன்றின் கடிதத்தை இன்னொன்று பிரித்துவிடும்
தெருக்கள் எனக்கு மனப்பாடம்.

எண் கைவிட்டால் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது:
அருகிலுள்ள அடையாளம்.
அதில்தான் ஜனங்கள் மனசைத் திறக்கிறார்கள்.
இடித்துப் பதினோரு வருடமான தியேட்டரை எழுதுகிறார்கள்.
மெட்ரோ தோண்டிய பள்ளத்தோடு போன பிள்ளையாரை,
மூடிப்போன லெண்டிங் லைப்ரரியை.

'மில் கேட் எதிரில்' என்று எழுதியவன்
பெரம்பூரில் பதினேழாவது மாடியில் இருந்தான்.
மில்லும் இல்லை, கேட்டும் இல்லை.
இந்தூரில் பிறந்தவன்.
ஏன் எழுதினீர்கள் என்றேன்.
ஆட்டோக்காரருக்கு அதுதான் புரிகிறது என்றான்.
கீழே வாட்ச்மேன் பிரேன் கலிதா,
அஸ்ஸாமிலிருந்து வந்து ஆறு வருடம்,
"இன்னாக்கா, கையெழுத்து போடாம அப்பீட்டாவுறே?" என்றான்.
எழுநூறு வீடுகளுக்கும் சேர்த்து
அவன் ஒருவனிடம்தான் இருக்கிறது மெட்ராஸ் பாஷை.

வேளச்சேரியில் ஒருவர் 'ஏரிக்கரை' என்று எழுதியிருந்தார்.
நான் பார்த்தது பிரியாணிக் கடையும் ஏடிஎம்மும்.
இல்லை என்று குறிக்கப் போனேன்.
"இருக்குதும்மா. பதினஞ்சாம் வருசம் டிசம்பர்ல
வந்து பாத்துட்டுப் போச்சு" என்று
சுவரில் மார்பளவுக் கறையைக் காட்டினார்.
ஏரியும் என் தொழில்தான் பார்க்கிறது போல.

பெரும்பாக்கம் எங்கள் கம்பெனியின் சிவப்புப் பட்டியலில் வரும்.
போகவே வேண்டாம், இல்லைன்னு போட்டுடுங்க
என்றான் டீம் லீடர் பிரசன்னா.
போனேன்.
நேர்மை என்று நினைக்க வேண்டாம்,
கதவைப் படம் எடுக்காமல் காசு வராது.

லிஃப்ட் ஓடவில்லை. ஏழாவது மாடி.
கஜலட்சுமி, ஐம்பத்திரண்டு, மீன் வியாபாரம்,
கேட்ட தொகை நாற்பதாயிரம்.
பூட்டு.
பக்கத்துக் கதவைத் திறந்த பெண்ணின் கையில் இட்லி மாவு.
"அக்கா விடியக்காத்தால பஸ் புடிச்சா
ராத்திரி பத்துக்குத்தான் வரும்.
ஜாம்பஜார்ல போய்ப் பாரு, அங்கதான் கீது."
இங்கே குடியிருக்கிறாரா, இல்லையா?
கொஞ்சம் யோசித்தாள்.
"இங்க தூங்குது."

ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம்.
தூங்குவதற்குக் கட்டம் இல்லை.

பிளாக் எண் கேட்டேன்.
"நம்பர்லாம் யாருக்குத் தெரியும்?
ஐஸ்ஹவுஸ் பிளாக்குன்னு கேளு,
கொழந்தகூட கைகாட்டும்.
அந்தாண்ட ஓட்டேரி. அதுக்கு அப்பால
சிந்தாதிரிப்பேட்ட."

எட்டிப் பார்த்தேன்.
கூவத்தின் கரையிலிருந்து லாரியில் ஏற்றி
இங்கே கொட்டப்பட்டவர்கள்
ஊரை மறுபடி அடுக்கி வைத்திருக்கிறார்கள்,
வரிசை மட்டும் கொஞ்சம் மாறி,
செங்குத்தாக.
கீழே சிமெண்டுத் தரையில்
ஓட்டேரிக்கும் ஐஸ்ஹவுஸுக்கும் மேட்ச்.
ஆடுகிற பொடியன்களில் பாதிப் பேர்
அந்த இரண்டு இடங்களையும் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

அருகிலுள்ள அடையாளம்: ஐஸ்ஹவுஸ்
என்று அடித்து அனுப்பினேன்.
இருபத்திரண்டு கிலோமீட்டர் பிழை
என்று சிவப்பில் காட்டியது செயலி.
மாற்றவா, உறுதிப்படுத்தவா?
வெயிலில் திரை தெரியவில்லை.
கையைக் குடையாக்கிக் குனிந்தேன்.
அதற்குள் கீழே செங்கல் ஸ்டம்ப் சரிந்து
ஓட்டேரி அவுட்டு, ஓட்டேரி அவுட்டு என்று
ஏழு மாடியும் கத்தியது.